நாற்பத்திரண்டு பேரில் ஓர் இரும்புத் தகடு

அகஸ்ரின் யாழ்ப்பாணத்தில் பாலம் கட்டிய பொறியியலாளர். ரொறன்ரோவில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடமாகக் கோப்பை கழுவினார். 1997இல் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பொறியியல் அலுவலகம் அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. நடுவில் துளையுள்ள மெல்லிய இரும்புத் தகட்டை இரண்டு பக்கமும் இழுத்தால் வெடிப்பு எப்படி ஓடும் என்று திங்கட்கிழமை வரைந்துகொண்டு வரவேண்டும். தவறினால் கோப்பைதான். வயது நாற்பத்தொன்பது, இனி யார் கூப்பிடப்போகிறார்கள்?

புத்தகக் கணக்கைச் சனிக்கிழமையே போட்டுப் படமும் கீறிவிட்டார். ஆனால் அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. தகட்டின் ஒரு புள்ளி, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளியை மட்டுமல்ல, சற்றுத் தள்ளியிருப்பவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடிகள் அறுகிற வழிதான் வெடிப்பு. அதைப் பார்க்கக் கணினி வேண்டும். அகஸ்ரினிடம் கணினி இல்லை. அவர் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் சனம் இருந்தது.

ஞாயிறு செபக்கூட்டம் முடிந்ததும் கட்டட மண்டபத்தில் நாற்பத்திரண்டு பேரை வரிசை வரிசையாகக் கதிரையில் இருத்தினார். நடுவில் இரண்டு கதிரைக்கு இடம் விட்டார், அதுதான் துளை. மனைவி கரோலின் தையல் நூலை வெட்டிக் கொடுத்தாள், அதுதான் பிடி.

"பக்கத்து ஆளின்ரை நூல் மட்டுமில்லை, அதுக்கு அங்காலை இருக்கிற ஆளின்ரையும் பிடியுங்கோ," என்றார் அகஸ்ரின்.

"எனக்குப் பன்னிரண்டுக்கு ஊசி போட்டுச் சாப்பிடவேணும்," என்றார் மரியரட்ணம்.

"நீங்கள் தகட்டின்ரை ஓரம், அங்கிள். உங்களுக்குத்தான் முதல் சாப்பாடு," என்றாள் கரோலின். நீரிழிவுக்காரர் பதினொரு பேரையும் ஓரமாக இருத்தியது அவள்தான். நடுவில் யாராவது மயங்கி விழுந்தால் தூக்க வழியிராது.

முன்வரிசையும் பின்வரிசையும் கதிரைகளை எதிரெதிர்த் திசைக்கு இழுத்து அரக்கின. துளையருகே நூல் அறும் என்று அகஸ்ரின் குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றும் அறவில்லை. மூன்றாம் வரிசையடியில் பிளந்தது. அந்த வரிசையிலிருந்த செலீனுக்கும் அவளுக்குப் பின்னால் இருந்த வேரோனிக்காவுக்கும் இடையில் நூலே இல்லை.

"செலீன், நூல் எங்கை?"

"உவவின்ரை நூலை நான் தொடமாட்டன், அண்ணை. மகன்ரை கலியாணத்துக்கு எங்களுக்கு அழைப்புக் காட் தரேல்லை."

"தபாலிலை போட்டனான்," என்றாள் வேரோனிக்கா, சுவரைப் பார்த்து.

"அயலட்டையிலை இருக்கிறவைக்குத் தபாலிலையோ?"

நாலு கதிரை தள்ளியிருந்த செலீனின் மச்சாள் நூல்களைக் கீழே போட்டாள். வேரோனிக்காவின் ஆட்களும் போட்டார்கள். வெடிப்பு உறவுமுறை பார்த்து வளைந்து வளைந்து ஓடி, துளையைத் தொடாமலே கதவடியில் முடிந்தது.

"ரெண்டு பேரிலை ஒராளை ஓரத்திலை கொண்டுபோய் இருத்துங்கோவன்," என்றாள் கரோலின்.

"இரும்பிலை புள்ளியை எழுப்பி மாத்தேலாது."

"அப்ப சோத்தைப் போடுறன்."

திங்கட்கிழமை அகஸ்ரின் புத்தகப் படத்தோடு, மண்டபத்து வெடிப்பையும் இரண்டாவது படமாகக் கீறிக் கொண்டுபோனார். மேலாளர் இரண்டாவதில் விரலை வைத்து, வெடிப்பு ஏன் துளைக்குப் போகவில்லை என்று கேட்டார். அந்த இடத்தில் முன்பே பிடிப்பில்லை, வெளிப்பார்வைக்குத் தெரியாது என்றார் அகஸ்ரின். எந்தக் கணினியில் செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அகஸ்ரினுக்குப் பொய் வராது. நாற்பத்திரண்டு பேர், பதினொருவருக்கு நீரிழிவு என்றார்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எந்தப் படத்தில் கையெழுத்து வைப்பீர்கள் என்றார்.

"புதுத் தகடென்றால் முதலாவதில். பழையதென்றால், போய்த் தட்டிப் பார்க்காமல் எதிலும் வைக்கமாட்டேன்."

வேலை கிடைத்தது. கணினி முன்னால் அல்ல. எண்ணெய் நிரப்பி வைக்கும் பழைய இரும்புத் தாங்கிகளைத் தட்டிப் பார்க்கிற வேலை. ஹோட்டலில் தன் இடத்துக்கு ஆள் கேட்டபோது செலீனின் கணவரின் பெயரைக் கொடுத்தார். வேரோனிக்கா வீட்டார் அன்றிலிருந்து அகஸ்ரினோடும் பேசுவதில்லை.