நான் நிறுத்திய குளிசை

எங்கள் வீட்டில் இரத்தத்தைப் பற்றித் தெரிந்த ஆள் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அதற்கு முந்தின மாரியில் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தேன். விடிந்ததும் இரத்தம் எடுப்பார்கள். பிறகு நேர்ஸ் ஒரு இலக்கத்தோடு வருவா. இலக்கம் இறங்கினால் அம்மா அழுவா. ஏறினால் கும்பிடுவா. அது இரத்தத்தில் இருக்கிற சிறுதட்டுகளின் எண்ணிக்கை. காயம் பட்டால் அவைதான் ஒன்றாய்ச் சேர்ந்து இரத்தத்தை நிறுத்துமாம். மிகவும் குறைந்தால் ஆளுக்கு ஆபத்து. டெங்குக்காரருக்கு அஸ்பிரின் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் இரத்தம் கசியும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அங்கே வாசிக்க வேறொன்றும் இல்லை. அதையே ஆறு நாளும் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பப்பாசி இலையை இடித்துச் சாறு தந்தா. கசப்பு. குடித்தேன். நான் சுகமானதற்கு ஆஸ்பத்திரிக்குப் பெயர் கிடைக்கவில்லை. பப்பாசி இலைக்குத்தான் கிடைத்தது.

அப்பா கொடிகாமம் சந்தையில் தேங்காய் உரிக்கிறவர். நிலத்தில் நட்ட கூரான இரும்பு அலவாங்கில் ஒரு குத்து, ஒரு திருப்பு. மட்டை கழன்றுவிடும். மெலிந்த ஆள். மூட்டை தூக்கினால் நெஞ்சு இறுகுகிறது என்று கிளினிக்குக்குப் போனார். இரத்தத்தில் கொழுப்பு மிகவும் கூட என்றார்கள். பரம்பரையாம். அப்பாவின் அண்ணை நாற்பது காணமுதல் தோட்டத்தில் விழுந்து செத்தவர். அப்பாவுக்கு அப்போது முப்பத்தொன்பது. அம்மா அதை வாயால் சொன்னதில்லை. அவர் சந்தைக்குச் சைக்கிளை எடுத்தால், வாசல் படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பா.

கிளினிக்கில் விழுங்க இரண்டு குளிசை கொடுத்தார்கள். ஒன்று கொழுப்புக்கு. மற்றது சின்னது, வெள்ளை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. தேங்காயையும் குறைக்கச் சொன்னார்கள்.

மாமா, அம்மாவின் அண்ணன், அப்பாவோடு கூட உரிக்கிறவர். அவருக்கு இது பெரிய பகிடி.

"மச்சான், உன்ரை உடம்பிலை எங்கையடா கொழுப்பு? வாயிலையோ?"

"உன்ரை அறிவு இருக்கிற இடத்திலைதான். தேடிப் பார்," என்றார் அப்பா.

ஒரு சனிக்கிழமை நானும் சந்தைக்குப் போயிருந்தேன். தேங்காய் வழுக்கி, அலவாங்கு அப்பாவின் உள்ளங்கையைக் கிழித்தது. பெரிய காயமில்லை. அவருக்கு அது அடிக்கடி நடக்கிறதுதான். துணியைச் சுற்றினால் நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. சுற்றிய துணி நனைந்தது. இன்னொன்று சுற்றினார். அதுவும் நனைந்தது. வீட்டுக்கு வந்து, அம்மா கோப்பித்தூள் வைத்து அமத்திப் பிடித்து, வெகுநேரம் கழித்துத்தான் நின்றது.

நான் குளிசைகளை எடுத்துப் பார்த்தேன். சின்னக் குளிசை இருந்த காகிதப் பையில் இங்கிலீசில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். அஸ்பிரின்.

"அம்மா, இது குடுக்கக்கூடாத குளிசை."

"ஆரடி சொன்னது?"

"ஆஸ்பத்திரிச் சுவரிலை கிடந்தது. அப்பாவுக்குச் சிறுதட்டு குறைஞ்சு போச்சு. அதுதான் இரத்தம் நிக்கேல்லை."

அம்மா யோசித்தா. "இஞ்சருங்கோ, பிள்ளை சொல்லுறது சரிபோலை கிடக்கு. உவள் அதிலை கிடந்து எழும்பினவள்."

"டொக்டரம்மா சொன்னாப் பிறகு நான் என்ன கதைக்கிறது?" என்றார் அப்பா. டொக்டரம்மா என்று என்னைத்தான் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சின்னக் குளிசை நின்றது. பப்பாசி இலை இடிபட்டது. அப்பா முகம் சுளிக்காமல் குடித்தார். பத்து நாள் கழித்து அவருக்கு விரலில் வெட்டியது. இரத்தம் உடனே நின்றது. "பாத்தியளோ?" என்று எல்லாருக்கும் சொன்னேன்.

குளிசையை நிறுத்திய மூன்றாம் கிழமை, ஒரு மத்தியானம், சந்தையில் அப்பா அலவாங்கைப் பிடித்தபடி நிலத்தில் குந்திவிட்டார். வேர்த்துக் கொட்டியதாம். மாமா ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆள் தப்பினார். இப்போதும் இருக்கிறார். அலவாங்கைத்தான் பிறகு தொடவில்லை. அம்மா கடைகளுக்கு இடியப்பம் அவிக்கத் தொடங்கினா. நான் ஒன்பதாம் வகுப்போடு அவவுடன் சேர்ந்துகொண்டேன்.

வளர்ந்த பிறகு, அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாட்களில்தான் விசயம் எனக்கு விளங்கியது. கொழுப்புக் கூடின இரத்தத்தில் சிறுதட்டுகளின் எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். குணம்தான் மாறிவிடுமாம். சின்ன விசயத்துக்கும் துள்ளி எழும்பி ஒன்றோடொன்று ஒட்டும். இரத்தக் குழாய்க்குள் கொழுப்புப் படிந்த இடம் கொஞ்சம் வெடித்தால் போதும். காயம் என்று ஓடிப்போய்க் குழாயையே அடைத்துவிடும். சின்னக் குளிசை அவற்றை அடக்கி வைக்கிறது. அதனால்தான் வெளிக்காயம் நிற்கச் சுணங்கும். எனக்கு இருந்தது குறைவு. அப்பாவுக்கு இருந்தது அவசரம். நான் எண்ணிக்கை மட்டும் தெரிந்த பிள்ளை.

குளிசையை விடாமல் இருந்திருந்தால் அந்த மாரடைப்பு வந்திராதா என்று ஒரு டொக்டரிடம் கேட்டேன். அப்படி அறுதியாகச் சொல்ல ஏலாது, ஆனால் கேட்காமல் தாங்களாகவே நிறுத்தியது பிழை என்றார்.

எனக்குப் பதினொரு வயதான அந்தத் தடவை, அப்பா வார்ட்டில் இருந்த மூன்றாம் நாள் டொக்டர் வந்து, மிஞ்சிக் கிடந்த சின்னக் குளிசைகளை எண்ணிப் பார்த்தார். நான் கட்டிலோடு நின்றேன்.

"காலமைக் குளிசையை ஏன் விட்டனீங்கள்? உங்கடை இரத்தத்திலை சிறுதட்டுகள் கெதியா ஒட்டிப்போடும். அதுக்குத்தானே தந்தது. ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

அம்மா நிலத்தைப் பார்த்தா. ஒட்டுவது நல்லதுதானே, இது இந்த டொக்டருக்குத் தெரியாது போல என்று நான் நினைத்தேன். சுவரில் இருந்ததைச் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, டொக்டர். நான்தான் மறந்துபோனன்."

"மூண்டு கிழமையாவோ?"

"ஓம்."

டொக்டர் நல்லாய் ஏசினார். பொம்பிளைப் பிள்ளை ஒன்று உங்களை நம்பி நிக்குது, உயிர் என்ன விளையாட்டுச் சாமானோ என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். நான் வாயைத் திறக்கத் திறக்க அவருடைய பிடி இறுகியது.

அவருக்குத் திரும்பவும் நெஞ்சு நோகிறது என்று நினைத்தேன்.

"அப்பா, நோகுதோ? நேர்ஸைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டேன்.