அவரிடம் கேட்கத் தெரிந்தவர்

ஒருநாள் காலை என் கணவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் நடுங்கின. கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தார்; நடுக்கம் நின்றிருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் குடிப்பார் என்பது எனக்குத் தெரியும். குடிக்காவிட்டால் கை நடுங்குவதும் நோய்தான் என்பது தெரியாது.

அந்தத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அன்றோடு விட்டார். பூரித்துப்போனோம். இரண்டொரு நாளில், சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைக்கத் தொடங்கினார். சுவரில் ஒன்றுமில்லை. பிறகு வலிப்பு வந்து விழுந்தார்.

டெலிரியம் (குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் புத்தித் தடுமாற்றம்) என்றார் டாக்டர். உயிரே போயிருக்கலாமாம். மருத்துவர் துணையில்லாமல் வீட்டில் யாரும் இப்படித் திடீரென நிறுத்த முயல வேண்டாம்.

உடல் தேறியதும் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர். கூட வந்திருந்த எங்கள் மகளைக் காட்டி, “உங்க மக முகத்தைப் பாருங்க. இனியும் குடிப்பீங்களா?” என்றார். கணவர் அழுதார். “மாட்டேன் சார்.” அன்று மாலையே குடித்துவிட்டு வந்தார். அந்த அழுகை நடிப்பில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த ஆலோசகருக்குப் பின் வந்தவர் ரெஜினா. சத்தியம் எதுவும் கேட்கவில்லை. “அண்ணே, குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்குது?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். ரெஜினா காத்திருந்தார்.

“மெஷின் சத்தம் நிக்கும் லா,” என்றார் கடைசியில். “வீட்டுக்கு வந்தாலும் காதுல ஓடிக்கிட்டே இருக்கு.”

கூடவே வாழ்ந்த எனக்கு அது தெரியாது.

மறுபடி குடித்துவிட்டு வந்தபோதும் ரெஜினா முகம் சுளிக்கவில்லை. “எப்போ ஆசை வந்துச்சு? அப்போ யாரு கூட இருந்தீங்க?” என்று விசாரித்தார். என்னைத் தனியே அழைத்து, “அக்கா, போத்தலைத் தேடித் தேடிக் கீழ ஊத்துறத விட்டுடுங்க. நீங்க தூங்குறீங்களா?” என்றார்.

சில மாதங்கள் கணவர் குடிக்கவில்லை. பிறகு ரெஜினாவைக் கோலாலம்பூருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர், “எத்தன வருஷமா குடிக்கிறீங்க?” என்று தொடங்கினார். “மறுபடி மொதல்லேருந்தா?” என்று என்னிடம் கேட்டுவிட்டு எழுந்து நடந்தார் கணவர். அதன்பின் போகவே இல்லை. மறுபடி குடிக்கத் தொடங்கினார்.

கெஞ்சினேன். சண்டை போட்டேன். சமைக்காமல் கிடந்தேன். எதுவும் அவரை எட்டவில்லை. கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியது. வார்டில் படுத்தபடி, “ரெஜினா மிஸ் வந்தாங்களா?” என்று கேட்பார். “வருவாங்க,” என்பேன். அங்கேயே இறந்தார்.

ஆலோசகர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். மாற்றலாகிப் போகுமுன், உங்களிடம் வந்தவரை அடுத்து வரும் ஆலோசகர் முன் உட்கார வைத்து, அவர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்றும் சாயங்காலம், அவர் வீடு திரும்பும் நேரம் ஆனால் என் தோள்கள் தாமாக இறுகுகின்றன. யார் அருகில் வந்தாலும் குடி வாடையைத் தேடி மூக்கு முந்திக்கொள்கிறது. வேலை முடிந்து வரும் மகள் குனிந்து அணைக்கும்போதும் அவள் மூச்சை முகர்ந்து பார்க்கிறேன். அவளுக்கும் தெரியும். நான் முகர்ந்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பாள்.