இடமில்லை என்று சொன்ன அக்கா

நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஆலயத்தில் என்ன பொறுப்பு கொடுப்பது என்று மெதடிஸ்ட் சபைக் குழு கூடிப் பேசியபோது, வாசலில் நிறுத்தலாம் என்று யோசனை சொன்னவர் தேநீர் அண்ணன். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுக்கிற ஓய்வுபெற்ற தையல்காரர் அவர். "ஜனங்களை ஏத்தி உட்கார வெக்கிறதுதானே அவ தொழில்? இங்கயும் அதையே செய்யட்டும்" என்றார். குழுவில் சிலர் எச்சில் விழுங்கினார்கள். ஏனென்றால் அவளுக்குச் சபையிலும் டிப்போவிலும் ஒரே பட்டப்பெயர்தான். சரவெடி. பற்றிக்கொண்டால் பாதியில் நிற்காது, கடைசிவரை வெடித்துத்தான் ஓயும்.

ஆனால் வாசல் வேலை அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்து, "முன்னாடி போய் உட்காருங்க, முன் பெஞ்சு யாரையும் கடிக்காது" என்பாள். தாமதமாக வருகிறவர்களிடம், "பிரசங்கம் இன்னும் முடியலங்க, உங்களுக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல" என்பாள். ஒருமுறை பிரசங்கம் இழுத்துக்கொண்டே போக, இளம் போதகரிடமே நேராகச் சொன்னாள்: "பாஸ்டர், நான் ஓட்டுற பஸ்ஸுக்குக்கூட கடைசி ஸ்டாப்புன்னு ஒண்ணு இருக்கு." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் பிரசங்கம் சுருங்கியது. புதிதாக வந்தவர்கள் அவளைப் பார்த்து முதலில் மிரள்வார்கள், மூன்றாம் வாரம் அவள் திட்டவில்லையென்றால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

இந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு நெருப்பு இருந்தது. அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அவள் கணவர் அதே டிப்போவில் மெக்கானிக். வாயில்லாப் பூச்சி. அவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் பெரும்பாலும் "விடு" என்பதாக இருக்கும். அவளை இந்தச் சபைக்கு அழைத்து வந்ததே அவர்தான். ஒரு நாள் காலை, பிரேக்குக்கு மாற்ற வேண்டிய பாகம் வந்து சேரவில்லை என்று ஒரு பேருந்தை அவர் ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தார். ஃபோர்மேன் வந்து, "ஒரு நாள் ஓடினா ஒண்ணும் ஆகாது, வண்டியை வெளிய அனுப்பு" என்றார். இவர் தயங்கினார். ஃபோர்மேன் சத்தம் போட்டார். வண்டி போயிற்று. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு சுவரில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பலருக்கு அடி, ஒரு பெண்ணுக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணையில் ஃபோர்மேன் கூசாமல் சொன்னார்: "நான் நிறுத்தச் சொன்னேன். இவர்தான் சரியா இருக்குன்னு அனுப்பிட்டார்." கணவர் நடந்ததை ஒரே ஒரு முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. இரண்டாம் முறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேலை போனது. அதன்பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். கால் போன அந்தப் பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும் என்று சட்டை மாட்டுவார், செருப்பைப் போடுவார், மறுபடியும் கழற்றிவிடுவார். அந்த ஆண்டு முடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

டிப்போவை விட்டுப் போய்விடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "தப்பு பண்ணினவன் தலை நிமிர்ந்து நடக்கிறான், நான் ஏன் ஸ்டியரிங்கை விடணும்?" என்று கேட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போனாள். ஃபோர்மேன் ஓய்வுபெறும்வரை தினமும் அவரைக் கடந்துதான் வண்டியை எடுத்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஆள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் வந்து நின்றார்.

மெலிந்துபோயிருந்தார். கையில் கைத்தடி. அவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது, ஆனாலும் திரும்பவில்லை. அவள் கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது. அதை அவள் நீட்டவில்லை.

"இடமில்ல" என்றாள்.

அவர் அவள் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

"இடமில்லன்னு சொன்னேன்."

"சரிம்மா" என்றார். மெல்லத் திரும்பி, எதிரே மதில்மேல் போய் வெயிலில் உட்கார்ந்தார்.

அவளுக்கு ஜெயித்துவிட்டது மாதிரியும் இருந்தது, யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரியும் இருந்தது. முதல் பாட்டு தொடங்கியதும் உள்ளே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சமையலறைக் கதவோரம் ஒரு நாற்காலியில் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. பேராயரே வந்தாலும் ஆராதனைக்கு முன்னால் ஒரு சொட்டுத் தேநீர் தராத தேநீர் அண்ணன், பின்கதவு வழியாக அவரை அழைத்து வந்து தேநீரும் கொடுத்திருக்கிறார்.

ஆராதனை முடிந்ததும் அவள் போதகர் அறைக்குள் புயலாகப் புகுந்தாள்.

"அந்த ஆள் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா. போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். மனைவி இறந்தப்புறம் வீட்ல இருக்க முடியலன்னார். எங்க வேலை பார்த்தீங்கன்னு கேட்டேன். சொன்னார். எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சும் வரச் சொன்னீங்களா?"

"சொன்னேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. பயந்துட்டேன்."

"யாருக்குப் பயம்?"

"உங்களுக்குத்தான்க்கா."

அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்காயிற்று.

"அடுத்து மன்னிச்சுடுங்கன்னு ஆரம்பிப்பீங்க. தெரியும் எனக்கு."

"இல்லக்கா. அதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்ல. ஆனா இடமில்லன்னு சொல்ற உரிமை உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இது நம்ம வீடு இல்லையே."

"அப்போ வாசல்ல நீங்களே நின்னுக்கோங்க." சட்டையில் குத்தியிருந்த 'வருக' என்ற வில்லையைப் பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டு வெளியேறினாள்.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. வீட்டில் இருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். பளபளவென்று இருந்ததையும் தேய்த்தாள். கடவுள்மேல் கோபம், போதகர்மேல் கோபம், ஒருத்தரும் தன்னைத் தேடி வரவில்லையே என்று சபைமேல் கோபம். மதியம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தேநீர் அண்ணன் பிளாஸ்க்கோடு நின்றார்.

"இன்னிக்கு வாசல்ல நான்தான் நின்னேன்" என்றார். "ரொம்ப மரியாதையா ஒவ்வொருத்தரையும் கும்பிட்டு அனுப்பினேன். யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சு எல்லாரும் அழுத முகமா உள்ள போனாங்க."

"சிரிப்பு காட்டாதீங்க அண்ணே. அந்த ஆளை ஏன் உள்ள கூட்டிட்டு வந்தீங்க?"

"வெயில்ல உட்கார்ந்திருந்தார்மா. பெருசா ஒண்ணும் யோசிக்கல."

"என் வீட்டுக்காரர் இந்த வீட்டுக்குள்ளயே மனசு வெந்து செத்தாரே! அப்ப யார் குடை பிடிச்சா? நீங்க பிடிச்சீங்களா? சபை பிடிச்சுதா? ஞாயித்துக்கிழமை கை குலுக்கினீங்க. திங்கக்கிழமை யார் வந்தீங்க?"

தேநீர் அண்ணன் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரும் வரல" என்றார். "நானும் வரல. அவர் 'விடுங்கண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொன்னார். நாங்க அதையே சாக்கா வெச்சுக்கிட்டு விட்டுட்டோம். நீ திட்டறது நியாயம். இன்னும் திட்டு."

திட்டினாள். தேநீர் ஆறிப்போகும்வரை திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்தவர், "இதையெல்லாம் ஒரு தையல்காரன்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது தங்கச்சி? கேட்க வேண்டியவங்க கேட்கிற இடத்துல வந்து கத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சபையில் பிரசங்கத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து வாய்விட்டு ஜெபிக்கலாம். வழக்கமாக முட்டிவலிக்காகவும் பரீட்சைக்காகவும் ஜெபிப்பார்கள். அடுத்த ஞாயிறு, முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். ஜெபத்துக்கென்று உள்ள 'நீர்', 'உம்முடைய' எல்லாம் அவள் வாயில் வரவில்லை. டிப்போவில் பேசுகிறபடியே பேசினாள்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ண வராது, கத்தத்தான் வரும். என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி வெச்சார். அதோ உட்கார்ந்திருக்காரே, அவர் அனுப்பச் சொன்னார். அப்புறம் சொல்லவே இல்லன்னு பொய் சொன்னார். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏன் சும்மா இருந்தீங்க? ஒரு பெண்ணுக்குக் கால் போச்சு, என் வீட்டுக்காரருக்குப் பேர் போச்சு, உயிர் போச்சு. இப்ப இவருக்கு வீட்ல தனியா இருக்க முடியலையாம், உங்க வீட்டுக்கு வந்துட்டார். நீங்களும் சேர்த்துக்கிட்டீங்க. இவரை மன்னின்னு இப்ப என்கிட்டச் சொல்லாதீங்க. முதல்ல உண்மையைச் சொல்லச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம். ஆமென்."

யாருக்கும் ஆமென் சொல்ல நாக்கு எழவில்லை. ஒவ்வொரு பாட்டையும் இழு இழு என்று இழுத்து வாசிப்பதால் இழுவை டீச்சர் என்று பெயரெடுத்த ஆர்கன்காரம்மாதான் முதலில், கொஞ்சமும் இழுக்காமல், பட்டென்று "ஆமென்" என்றார். பிறகு தேநீர் அண்ணன் சொன்னார். பிறகு எல்லோரும்.

ஃபோர்மேன் தனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அவங்க சொல்றது உண்மை" என்றார். "அனுப்பச் சொன்னது நான்தான். மேல இருந்து ரொம்ப நெருக்கினாங்க, அதனால…"

"மேல யாரு?" அவள் விடவில்லை. "என் வீட்டுக்காரருக்கு மேல நீங்க இருந்தீங்க. நீங்களும்தான் நெருக்கினீங்க. அவர் யார்மேலயாவது பொய்யாப் பழி போட்டாரா?"

"இல்ல" என்றார்.

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? அவர் பேர் கெட்டது டிப்போவுல. அங்க வந்து சொல்லுங்க."

"வரேன்மா" என்றார் அவர்.

வருவார் என்று அவள் நம்பவில்லை. ஆனால் மறுநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, டயர் அடுக்கியிருந்த இடத்தில் வந்து நின்றார். பேச வாயெடுத்தார். ஷெட்டின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. அவள் ஒரு ஸ்பேனரை எடுத்து இரும்புப் பீப்பாயில் ஓங்கி அடித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், மேலிடத்தை இழுக்காமல், நடந்தது நடந்தபடி சொன்னார்.

பாதிப் பேர் புதியவர்கள். "யாரைப் பத்திச் சொல்றார்?" என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது. அது சுருக்கென்று தைத்தது. அப்போது கணவரோடு வேலை பார்த்த பழைய மெக்கானிக் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார்.

"எங்களுக்கு அப்பவே தெரியும்மா" என்றார் மெதுவாக. "ஃபோர்மேன் அனுப்பச் சொன்னது எங்க காதுலயும் விழுந்துச்சு."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள்.

"விழுந்துச்சா?"

"எல்லாருக்கும் குடும்பம் இருந்துச்சும்மா…"

"அவருக்கு இல்லையா? நான் யாரு?" அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் அறையிலிருந்தே எட்டிப் பார்த்தார். "தினம் என்கூட உட்கார்ந்து தேநீர் குடிச்சீங்களே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் புருஷன் யோக்கியன்னு என் காதுலயாவது சொல்லியிருக்கலாமே!"

பழைய மெக்கானிக் தலை நிமிரவில்லை. அவளுக்கு இத்தனை காலமும் ஒரே ஆள்மேல் வைத்திருந்த கோபத்தை இப்போது எத்தனை பேருக்குப் பங்கு வைப்பது என்று தெரியவில்லை. கொடுமை என்னவென்றால், அத்தனை பேரிலும் உண்மையை வாய்விட்டுச் சொன்னவர் அந்தக் கைத்தடிக்காரர் மட்டும்தான்.

அவள் வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டாள். ஃபோர்மேன் இன்னும் டயர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏறுங்க. உங்க தெரு வழியாத்தான் போறேன்" என்றாள்.

அவர் அவளுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். அவர் நிறுத்தம் வந்ததும் மெதுவாக இறங்கினார். இறங்கி, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வரலாமாம்மா?"

"அதை என்கிட்டக் கேட்காதீங்க. எனக்குக் கோபம் தீரல. தீருமான்னும் தெரியல." பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "வாங்க. நான் உங்ககிட்டப் பேச மாட்டேன். ஆனா வாங்க."

சொன்னபடியே நடந்துகொண்டாள். அவள் மறுபடி வாசலில் நின்றாள், அவரும் தவறாமல் வந்தார். பாட்டுப் புத்தகம் கொடுப்பாள், பேச மாட்டாள். கோபம் போயிற்றா என்று ஒருமுறை போதகர் கேட்டுப் பார்த்தார். "போனா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன் பாஸ்டர், இப்போதைக்குக் காத்திருங்க" என்றாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அந்தப் பழைய மெக்கானிக் மனைவியோடு ஆலயத்துக்கு வந்தார். தலைசீவி, வெளுத்த சட்டை போட்டு, பயந்து பயந்து படியேறினார். அவள் அவரை வாசலிலேயே நிறுத்தினாள். அன்று ஷெட்டில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பின்னால் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்து, இழுவை டீச்சரின் கையில் நான்கு சரணமும் முடிந்தது. மெக்கானிக் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் மனைவி மட்டும், "இன்னும் கொஞ்சம் சொல்லுங்கக்கா, நான் சொன்னா இவர் கேட்கிறதில்ல" என்றார்.

அவள் சொல்லி முடித்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.