என் நம்பர், பேச்சியம்மாள் பெயரில்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 8.10. வெயில் அதற்குள் பிடரியில் ஏறிவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கரிவலம்வந்தநல்லூரில் சங்கரன்கோவில் பஸ் ஏறினேன். தூரம் பதினொரு கிலோமீட்டர், கட்டணம் பத்து ரூபாய். போன காரியம் என் கைப்பேசிக்கு இன்டர்நெட் வாங்குவது.

எழுபத்து நான்கு வயதில் இது எதற்கு என்று கண்டக்டரே கேட்டார். மும்பையில் இருக்கும் என் அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது நாள் ஆகிறது. உயிர் தப்பிவிட்டது; குரல் போய்விட்டது, இனி வராதாம். நான் போன் செய்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது. அக்கா மகள் வள்ளிதான் பேசுகிறாள். "அம்மா கையக் காட்டி என்னமோ கேக்காவ மாமா. எங்க யாருக்கும் புரியல. வீடியோல வாங்க, உங்களுக்குப் புரியும்." அதற்கென்றே ஒரு புதுப் போனைக் கூரியரில் அனுப்பினாள். போன் வந்தது, நெட் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் போனைத் தருவதாகச் சொன்னார். அவர் எதிரே நின்று வேடிக்கை பார்க்க, நான் அக்காவைப் பார்த்து அழ வேண்டுமா?

9.05. தேரடிக்குப் பக்கத்தில் இருக்கிறது போன் கம்பெனிக் கடை. நாற்காலி ஆறு, காத்திருப்பவர் பதினொரு பேர். ஆறு நாற்காலிக்கு ஏ.சி. போட்டிருக்கும் பணத்தில் இன்னும் ஐந்து நாற்காலி வாங்கியிருக்கலாம். ஒரு மணி நேரம் நின்ற பிறகு, கவுண்டரில் இருந்த ஜெபா என்ற பெண் என் பழைய சிம்மைக் கழற்றிப் பார்த்தாள்.

"இதுல நெட் ஓடாது அய்யா. வேற சிம்மு மாத்தணும். ஆதார் கொண்டாந்தியளா?"

கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்தவள் என்னைப் பார்த்தாள்.

"பேச்சியம்மாள்னா உங்க வீட்டம்மாவா?"

என் மனைவி பெயர் கோமதி. அவள் போய் ஆறு வருடம் ஆயிற்று.

"அப்ப இது உங்க நம்பரு இல்ல. புளியங்குடி எலுமிச்ச மார்க்கெட்டு, பேச்சியம்மாள்னு இருக்கு. அவுக நேர்ல வந்து சம்மதிச்சாத்தான் உங்க பேருக்கு மாத்தலாம்."

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. முன்பு ஒரு வருடம் இதே ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், ரதவீதியில் குடை விரித்து சிம் விற்றார்கள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒன்று, போட்டோ ஒன்று கொடுத்தால் சிம்மும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கிடைக்கும். வாங்கிய ஜெராக்ஸை எல்லாம் சாக்கில் போட்டு அமுக்கினான் அந்த ஆள். எந்தத் தாளை எந்த நம்பருக்கு வைத்தானோ, அவனுக்கே வெளிச்சம். வாளி உடைந்து பல வருடம் ஆகிறது. அந்தத் தப்பு மட்டும் உடையாமல் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

"புது நம்பரு எடுத்துக்கிடுங்களேன்" என்றாள் ஜெபா. பென்ஷன் செய்தியும் காஸ் பதிவும் இந்த நம்பரில் வருகின்றன. போனில் இருப்பதோ ஒரே சிம்முக்கு இடம். அவர்கள் செய்த தப்புக்கு நான் நம்பரைத் துறக்க வேண்டுமாம். முடியாது என்றேன்.

11.35. புளியங்குடி. பஸ் கட்டணம் பதினேழு ரூபாய். மார்க்கெட்டில் நுழைந்ததும் எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"எந்தப் பேச்சி அண்ணாச்சி? இங்கன மூணு பேச்சில்லா இருக்கு."

போன் நம்பர் விவகாரம் என்றேன்.

"அட, சிம்மு பேச்சியா? அந்தா, தராசுக்குப் பின்னால."

ஐம்பத்தைந்து வயது இருக்கும். குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து காயைச் சிறிது, நடு, பெரிது என்று பிரித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"நீங்கதானா கரிவலம் சம்முகவேலு? என் நம்பரு உங்க பேருல்லா கெடக்கு. ஐப்பசில கடையில சொன்னாவ. எனக்கும் நெட்டு கிடையாது. கணக்குப்பிள்ள போனத்தான் கெஞ்சிக்கிட்டு நிக்கேன்."

"ஐப்பசியிலேயே தெரியுமா? அப்புறம் ஏன் என்னைத் தேடி வரவில்லை?"

"நான் அங்கன வந்தா இங்கன யாவாரத்த யாரு பாப்பா? எப்படியும் நீங்க வருவியன்னு இருந்தேன்."

நான்கு மாதம் இவர் காத்திருந்திருக்கிறார், எனக்குத் தெரியாத ஒன்றுக்காக. அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு வியாபாரம் முடிந்தது. கிளம்பலாம் என்றால், "ரெண்டரைக்கு ஃப்ரீ பஸ்ஸு வரும் அண்ணாச்சி. சும்மா போற பஸ்ஸ விட்டுட்டு யாராவது காசு குடுத்துப் போவாகளா?" என்று திரும்பவும் உட்கார்ந்தார். அவருக்கும் சேர்த்து நான் டிக்கெட் எடுப்பதாகச் சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டினார். இரண்டு பேருக்கு முப்பத்து நான்கு.

மணி 2.40. திரும்பவும் ஜெபா. எங்கள் இருவர் ஆதாருக்கும் ஜெராக்ஸ், நான்கு ரூபாய். கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும்போது ஜெராக்ஸ் எதற்கு என்று கேட்டேன். விரலை வைக்கச் சொன்னாள். என் விரலை மெஷின் ஏற்றுக்கொண்டது. பேச்சியம்மாளின் விரலை ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை. துடைத்து வைத்தும் ஏற்கவில்லை.

"ரேகையே விழல அக்கா."

"எப்படி விழும்? முப்பது வருசமா எலுமிச்சங்கா பொறக்குதேன். சாறு ரேகையத் தின்னுட்டு."

முகத்தைப் படம் பிடித்தாலும் போதும், ஆனால் கண்ணை மூடித் திறக்க வேண்டும் என்று தன் போனை எதிரே பிடித்தாள் ஜெபா. பேச்சியம்மாள் சேலையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, போனையே முறைத்தார். இமை அசையவில்லை. ஒருமுறை தவறியது. இரண்டாவது முறையும் தவறியது.

"கண்ண மூடுங்கக்கா."

"மூடுனா படம் கெட்டுப்போவும் பிள்ள. கல்யாணத்துல அப்படித்தான் கெட்டுப்போச்சி."

மூன்றாவதும் தவறியது. "இன்னும் ஒரு தடவதான். அதுவும் போச்சின்னா நாளைக்குத்தான்" என்றாள் ஜெபா.

நாளைக்கு இந்த அம்மாள் வருவாரா? வியாபாரம், ஃப்ரீ பஸ், அடுத்த ஐப்பசி.

"எம்மா, பம்பாயில என் அக்கா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியாம கெடக்கா. உங்களுக்குக் கண்ண மூட முடியாதா?"

எதற்காக நெட் என்று நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. பேச்சியம்மாள் என்னையே பார்த்தார். "இத மார்க்கெட்டுல வச்சே சொல்ல வேண்டியதுதான" என்று முணுமுணுத்தார். கண் நிறைந்துவிட்டது, போன் பக்கம் திரும்பியதும் தானாகவே இமைத்தது. மெஷின் ஏற்றுக்கொண்டது.

இரண்டு நம்பரும் அவரவர் பேருக்கு மாறின. என் சிம் ஐம்பது ரூபாய், ரீசார்ஜ் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. வேலை செய்ய இரண்டு மணி நேரம் ஆகுமாம். மலையைப் பெயர்க்கவா போகிறார்கள்? பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடித்தோம், இருபத்து நான்கு ரூபாய். தன் ஃப்ரீ பஸ் வந்ததும் பேச்சியம்மாள் பையிலிருந்து பத்து எலுமிச்சை எடுத்து என் மடியில் வைத்தார். மனம் இளகி, "எதுக்கும்மா" என்றேன்.

"இருவது ரூவா அண்ணாச்சி. வெளில முப்பது."

கொடுத்தேன்.

மாலை 6.05. அதே பஸ் ஸ்டாண்டு. போன் உச்சியில் கோடுகள் எழுந்தன. வள்ளியைக் கூப்பிட்டேன். ஒரு சுவர், ஒரு தலையணை, பிறகு அக்காவின் முகம் தெரிந்தது. கழுத்தில் கட்டு. பாதியாக இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. உடனே கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தாள்.

"இதான் மாமா, ஒம்பது நாளா. பைசா வேணுமான்னு கேட்டா தலையில அடிச்சிக்கிடுதாவ."

"பைசா கேக்கல வள்ளி. ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஆச்சின்னு கேக்கா."

அக்கா தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தாள். கண்ணீர் காது வரை வழிந்தது. ஒன்பது நாளாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். வள்ளி போனைத் தன் பக்கம் திருப்பி, "சொல்லிராதீங்க மாமா, தூங்க மாட்டாவ" என்று கிசுகிசுத்தாள். திரும்ப அக்காவின் முகம். விரல்கள் இப்போது என்னை நோக்கி உரசின.

"ஆஸ்பத்திரிக் கணக்கு எனக்குத் தெரியாதுக்கா. உன்னப் பாக்க எனக்கு ஆன கணக்கச் சொல்லுதேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். பேச்சியம்மாளின் டிக்கெட்டுக்கு முகம் சுளித்தாள். ரீசார்ஜுக்கு நெற்றியில் அடித்துக்கொண்டாள். எலுமிச்சைக்கு வாய் முழுதும் திறந்து, சத்தமே இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். ஊர் திரும்பும் பத்து ரூபாயையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவளே ஒரு விரலை நீட்டினாள். சேர்த்தேன். நானூற்று அறுபத்தெட்டு ரூபாய்.