எந்த சேரின் சஹன்?

நெய்யில் வதங்கும் கஜுவின் வாசனை எங்கிருந்து வந்தாலும், கல்முனை ரெஸ்டோரண்ட் ஒன்றில் நான் செய்த வேலை நினைவுக்கு வந்து தனியே சிரித்துவிடுவேன்.

குடும்பமும் கூட்டாளியுமாக ஆறு பேர் போயிருந்தோம். உட்கார்ந்த கையோடு, எங்கள் முஸ்லிம் விருந்துகளில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனை, கஜு தூவிய நெய்ச்சோற்றோடு தூக்கி வந்தார் வெயிட்டர்.

"சேர்ட ஓடர்தானே?"

நான் பள்ளிக்கூட ஆசிரியன்; ஊரில் எல்லோருக்கும் 'சேர்'. மனைவி சொல்லிவைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்; நான்தான் என்று அவள் நினைத்தாள்.

"ஓம், வைங்க."

பாதிச் சோறு முடிந்தபோது பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. அவரும் சேர்தான், கணக்குப் பாடம். மகளுக்கு மருத்துவபீடம் கிடைத்த சந்தோசத்துக்கு முதல்நாளே சொல்லிவைத்த சஹன். வேறு சஹன் இல்லையாம்.

ஒரு பிள்ளையின் பெருநாளையல்லவா அள்ளித் தின்றுகொண்டிருந்தேன்! "மன்னிச்சிக்கங்க சேர்" என்று கூசி எழுந்தேன்.

மருத்துவபீடம் கிடைத்த அந்தப் பிள்ளையோ கையைக் கழுவிவிட்டு வந்து, என் மகளை நெருக்கித் தள்ளி உட்கார்ந்தாள்.

"அப்பா, பாத்துக்கிட்டு நிண்டா மிச்சத்தையும் முடிச்சிருவாங்க. இரிங்க!"

எங்கள் எச்சில் கை பட்ட சோறு. அவள் அள்ளினாள், அவள் அப்பாவும் அள்ளினார். வெயிட்டர் வெட்கத்தோடு சோறும் பொரித்த கோழியும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பக்கத்து ஊர்க்காரர்களோடு ஒரு தட்டில் உண்ண, எனக்கு இத்தனை வயதும் ஒரு தவறும் வேண்டியிருந்தன.

வாசலில் பிரியும்போது அவள் திரும்பிச் சொன்னாள்:

"நான் டொக்டராகிற அண்டைக்கும் எங்களுக்கு முந்தி வந்து சாப்பிட்டிருங்க, சேர்!"