பெரியக்காவின் கால்களைக் கழுவிய நாள்

அந்த முதியோர் இல்லத்தில் எண்பது வயதுக் கிழவர்கூட அவளைப் "பெரியக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஐம்பதைத் தாண்டாதவள் அவருக்கு எப்படி அக்கா ஆனாள் என்று யாரும் கேட்டதில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி, திட்டி, கொஞ்சி எல்லாம் செய்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது!

ராத்திரி வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால், இரண்டு ராத்திரியாகப் பெரியக்காவேதான் முழித்திருந்தாள். கண் எரிச்சலோடு வாசலுக்கு வந்தால், அங்கே வேன் நிற்கிறது. வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. இந்த ஊர் பாஷை ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்கச் சேவை செய்யப் போகிறார்களாம்.

"இன்னைக்கு உங்களுக்கு ரெஸ்ட்தான் பெரியக்கா. எல்லாத்தையும் அவங்களே பார்த்துப்பாங்க," என்றார் வார்டன்.

"ரெஸ்ட் கிடக்கட்டும் சார். மத்தியானம் என்னை விட்டுடுங்க, அது போதும்."

விஷயம் இதுதான். அவள் மகள் அன்று சாயங்கால பஸ் பிடித்து, விமானம் ஏறி, வெளிநாட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் வர முடியாது. மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பஸ் கிளம்பறப்ப நீ வந்து நிக்கணும்மா." தலையே போனாலும் வருகிறேன் என்று பெரியக்கா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரெஸ்ட்டாவது ஒன்றாவது! வந்தவர்கள் நல்லவர்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் நல்லவர்களோடு மாரடிப்பது இருக்கிறதே, அது தனி வேலை. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்றார்கள். கட்டில்களை இழுத்து நடுவில் போட்டவள் பெரியக்கா. கிழவிகளைக் குளிப்பாட்டுகிறோம் என்றார்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றப்போன கையைத் தடுத்து, வெந்நீர் விளாவிக் கொடுத்தவள் பெரியக்கா. சர்க்கரை நோயாளிகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் விரலை விட்டு அதை வெளியே எடுத்தவளும் அவள்தான்.

"அதையும் பிடுங்கறியே, நீ நல்லா இருப்பியா?" என்று சண்டைக்கு வந்தார் ஜட்ஜ் ஐயா. அவர் ஜட்ஜும் இல்லை, வக்கீலும் இல்லை. எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்கிறவர், நடக்க முடியாதவர், அவ்வளவுதான்.

"ஆமா, நான் நல்லா இருந்துட்டாலும்!" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஒரு வழியாகச் சேலை மாற்றி, தலை வாரி, பையும் கையுமாக அவள் கிளம்பியபோது, ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவினாரே, அதுபோல இவர்களும் எல்லார் காலையும் கழுவி ஜெபிப்பார்களாம். போகிற இடத்திலெல்லாம் கடைசியாக இதைத்தான் செய்வார்களாம். அவர்களுடைய தலைவியம்மா ஓடி வந்து பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல உங்க காலைத்தான் கழுவணுமாம்," என்றார் வார்டன்.

"சார், பஸ்ஸு..."

"அதுக்கு இன்னும் நேரம் கிடக்கு. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, மனசு சங்கடப்படும். கொஞ்சம் உட்காருங்க." சொல்லிவிட்டு அவர் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

உட்கார்ந்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பித்தவெடிப்பு விழுந்த அந்தக் கால்களைத் தலைவியம்மா அருவருப்பே இல்லாமல் மடியில் தாங்கித் தேய்த்தாள். பெரியக்காவுக்கு விவரம் தெரிந்து யாரும் அப்படிச் செய்ததில்லை. கூச்சத்தில் நெளிந்தாள். ஜெபம் தொடங்கியது. புரியாத பாஷை, தாழ்ந்த குரல், முடிகிற வழியாகவும் இல்லை. இரண்டு ராத்திரித் தூக்கம் சும்மா விடுமா? தலை சாய்ந்துவிட்டது.

மற்றதெல்லாம் பிறகு ஜட்ஜ் ஐயா சொல்லித்தான் தெரியும். தலைவியம்மா உதட்டில் விரல் வைத்தாளாம். பாவம், தூங்கட்டும் என்று ஒருவருக்கொருவர் ஜாடை காட்டினார்களாம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, போர்வை போர்த்தி, நுனிக்காலில் நடந்தார்களாம். பையில் போன் அடித்தபோது, அதையும் சத்தம் வராமல் அமுக்கி வைத்தார்களாம். "அடேய், அவ பொண்ணு ஊருக்குப் போறாடா! எழுப்புங்கடா!" என்று இவர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அவர்களுக்குப் புரிந்தால்தானே? வந்து தோளைத் தட்டி, அவருக்கும் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனார்களாம்.

அவள் கண் விழித்தபோது ஹால் மங்கிக் கிடந்தது. வேன் போயிருந்தது; வார்டன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. போனை எடுத்தாள். மகள் விடாமல் கூப்பிட்டிருந்தாள். உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"அம்மா? என்னம்மா ஆச்சு? யாருக்காவது முடியலையா?" பின்னால் பஸ் ஓடும் சத்தம்.

சொல்வதற்கு ஆயிரம் பொய் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. "தூங்கிட்டேன்டி. உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன்."

திட்டட்டும், வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று பெரியக்கா காத்திருந்தாள்.

"நல்லா தூங்கினியாம்மா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் தூங்கினேன்டி," என்றாள் பெரியக்கா. அது உண்மை; வருஷக்கணக்கில் அவள் அப்படித் தூங்கியதில்லை. அதை நினைக்க நினைக்கத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.