அனுமதி வருமுன் வைத்த நிலைவாசல்

முனிசிபாலிட்டியை நான் திட்டுவதில்லை. அது எனக்கு உடன்பிறந்தது இல்லையே. திட்டுவதென்றால் என் அண்ணனைத்தான் திட்டுவேன், வயிறு எரியத் திட்டுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான தெருவில் எங்களுக்குத் தெருவிலிருந்து உள்ளே இருபதடி நீளத்துக்கு ஒரு மனை இருந்தது. குடியிருந்த வாடகை வீட்டுக்காரம்மா, "தையில எம்மகனுக்குக் கல்யாணம், வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துரு தாயி" என்று சொல்லிவிட்டாள். இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அதுவரை ஐந்து வீடு மாறியிருந்தேன். இனிமேல் மூட்டை கட்டினால் அது சொந்த வீட்டுக்குத்தான் என்று வீம்பாக இருந்தேன்.

பங்குனியிலேயே பிளான் வரைந்து மனுக் கொடுத்தோம். வைகாசி போயிற்று, ஆனியும் முடியப்போகிறது, பதிலைக் காணோம். ஆடி பிறந்துவிட்டால் நிலைவாசல் வைக்க முடியாது. எங்கள் வார்டுக் கவுன்சிலர் அசலார் யாருமில்லை, என் சொந்த அண்ணன்தான். அவன் தேர்தலுக்கு நின்றபோது கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவள் நான்.

அவன்தான் வந்து சொன்னான். "மாப்ள, எதுக்கு இம்புட்டு ரோசனை? உங்க மனு என் கையில இருக்கு. அடுத்த கூட்டத்துல பாஸாயிரும். நல்ல நாளை விட்டுறாதீக."

என் வீட்டுக்காரர் இழுத்தார். "ஆர்டர் கைக்கு வந்துரட்டுமே மச்சான்."

எனக்கு வந்ததே கோபம்! "எங்க அண்ணன் வாய்ச்சொல்லைவிட அந்தக் காகிதம் பெருசாக்கும்?" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் கொத்தனாரைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

எங்கள் பக்கத்தில் தங்கச்சி வீடு கட்டினால் நிலைவாசல் பிறந்த வீட்டுச் சீராகத்தான் வரும். எங்கள் ஊர் எழுமலையில் அப்பா வைத்த வேம்பை அறுத்து இழைத்து, சந்தனம் பூசி, மஞ்சள் துணி கட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான் அண்ணன். கொத்தனார் குண்டு நூல் பிடித்துப் பார்க்க, ஒரு பக்கத்தை அவனே தாங்கி நிறுத்தினான். சட்டையெல்லாம் சந்தனம். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பத்து நாள் கழித்துக் கவுன்சில் கூட்டம். மனுக்காரர்கள் வெளி வராந்தாவில் நின்று கேட்கலாம், பேசக்கூடாது. கையோடு உத்தரவை வாங்கிக்கொண்டு வரலாமென்று நானும் அவரோடு போனேன். பெண்பிள்ளை அங்கே நான் ஒருத்திதான்.

எங்கள் தெருவை அகலப்படுத்துவது பற்றி முதலில் பேசினார்கள். ஒன்பதடி வேண்டுமாம். ஒன்று எங்கள் பக்கத்தில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில். அனுமதி பெற்ற கட்டடம் இருந்தால் அந்தப் பக்கம் தொட முடியாது. எங்கள் மனு அன்று பாஸாகிவிட்டால், அனுமதிக் காகிதம் ஏதுமில்லாத அந்தக் காலத்து எதிர்வீட்டு முகப்பை இடிக்க வேண்டியதுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் உள்ளே இருக்கிறானே!

சேர்மன் எங்கள் மனுவை எடுத்தார். "அனுமதி இல்லாமலே வேலையை ஆரம்பிச்சுட்டதா ஒரு புகார் இருக்கு. ஓவர்சியர் பாத்தாரா?"

ஓவர்சியர் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அண்ணன் எழுந்தான். "நான் பாத்தேன். ஆனி கடைசி முகூர்த்தத்துல நிலை வச்சாச்சு. என் வார்டு, என் கண்ணால பாத்தேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உறவுன்னு பாக்கக் கூடாது."

நல்ல மனுஷன் என்று நாலு கவுன்சிலர்கள் மேசையைத் தட்டினார்கள். அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தால் நான் ஆறிப்போயிருப்பேன்.

"நிலையைக் கொண்டாந்து வச்சது யாருன்னும் சொல்லுண்ணே!" என்று வராந்தாவிலிருந்து கத்தினேன். சேவகன் ஓடிவந்து, "மனுக்காரங்க பேசக்கூடாதும்மா" என்று என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினான். அண்ணன் திரும்பிப் பார்க்கவேயில்லை. மனு தள்ளுபடி. ஏழு நாளில் நிலையைப் பிடுங்க வேண்டும். எங்கள் பக்கம் ஒன்பதடி தெருவுக்கு.

மிச்சமிருந்த பதினோரடியில் மாட்டைத்தான் கட்டலாம். தைக்கு முன்னால் ஆறாவது வாடகை வீட்டுக்கு மூட்டை கட்டினோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருக்கலாம்.

மாசியில் அண்ணன் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றான். மகனுக்குக் கல்யாணம். பெண் எந்த வீடு என்று கேட்டேன். எங்கள் மனைக்கு எதிர்வீடு! இடிபடாமல் தப்பிய அதே முகப்பில்தான் பந்தல் போடப் போகிறார்களாம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எழுமலையிலிருந்து நிலையை ஏற்றும்போதே இந்தச் சம்பந்தம் அவன் மனதில் இருந்ததா, இல்லை அந்தப் பத்து நாளில்தான் முளைத்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

"அத்தைக்காரி நீ முன்னால நிக்காம எம்மகன் தாலி கட்டுவானா? வா ஆத்தா, எல்லாத்தையும் மறந்துரு" என்றான்.

நான் தட்டை வாங்கவில்லை. "அந்த வீட்டுக்கு வரணும்னா என் மனையை மிதிச்சுத்தானேண்ணே வரணும்? எனக்குக் கால் வராது."

மன்னித்துக்கொள் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் போயிருப்பேன். என் புத்தி அப்படி. அவன் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"தெருன்னு ஆயிப்போச்சுன்னா நாலு பேரு மிதிக்கத்தான் செய்வாக" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.